போடிமெட்டில் பைக்கை எப்படிச் சாய்ப்பது? 17 கொண்டை ஊசி வளைவுகளின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. போடிநாயக்கனூரைத் தாண்டி முந்தல் சோதனைச் சாவடியில் நின்று பார்த்தால் மூன்று வகை வண்டிகள் மலையேறுவதைப் பார்க்கலாம். முதலில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். அடுத்து, முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு ஆள் என்று முக்கிக்கொண்டு ஏறும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள். மூன்றாவதாக, மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் விடியும் முன்பே கிளம்பிவந்த இளைஞர்களின் பைக்குகள். ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட்டில் கேமரா.

மூன்று பேருக்கும் சாலை ஒன்றுதான். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் (என்.எச். 85) ஒரு பகுதி அது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

கேமரா வைத்த பைக்கில் வருபவருக்கு ஒரு கேள்வி கண்டிப்பாக மனதில் இருக்கும். 'வளைவுல பைக்கை எவ்வளவு சாய்க்கலாம்? உடம்பை எப்படி வெச்சுக்கணும்? ரேஸர்கள் மாதிரி முட்டியை வெளியே நீட்டணுமா?' நியாயமான கேள்விதான். பெரும்பாலான டிரைவிங் ஸ்கூல்களில் இதைச் சொல்லித் தருவதில்லை. லைசென்ஸுக்கு எட்டு போட்டுக் காட்டினால் போதும். ஆனால், போடிமெட்டு எட்டு போடும் மைதானம் இல்லை.

வளைவில் பைக் ஏன் சாய்கிறது?

காரில் வளைவு வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்புகிறோம், கார் திரும்புகிறது. நம் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவதை உணர்கிறோம். பைக்கிலும் அதே தள்ளல் உண்டு. இரண்டே சக்கரத்தில் நிற்கும் வண்டி நிமிர்ந்தபடியே திரும்பினால் வெளிப்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். அதைச் சமன் செய்யத்தான் உள்பக்கமாகச் சாய்கிறோம்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள். ஒன்று வேகம், மற்றொன்று வளைவின் ஆரம். வண்டியின் விலையோ, எஞ்சினின் சிசியோ இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

மலைச்சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி, கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்புக்குக் குறைந்தபட்ச ஆரமாக 14 மீட்டரையும், வடிவமைப்பு வேகமாக மணிக்கு 20 கி.மீ.யையும் வைத்திருக்கிறது. அதாவது, சாலை போடும் பொறியாளர் மனதில் வைத்திருக்கும் வேகமே 20தான். இப்போது சுமார் 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் தேவைப்படும் சாய்வு சுமார் 12 டிகிரி. 30 கி.மீ. வேகத்தில் சுமார் 25 டிகிரி. 40 கி.மீ. வேகத்தில் சுமார் 40 டிகிரி.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் சாய்வு மூன்று மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. காரணம், தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து கூடுகிறது. 12 டிகிரி என்பது ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியாத சாய்வு. 25 டிகிரி, பழகியவர்களுக்குச் சுகமான சாய்வு. 40 டிகிரி என்பது பல சாதாரண பைக்குகளில் கால்வைக்கும் கம்பி தரையில் உரசத் தொடங்கும் எல்லை. நல்ல காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயர் அதைத் தாங்கலாம். கொஞ்சம் மணல் இருந்தால் தாங்காது.

'நாற்பதுதானே போறேன், இதெல்லாம் ஒரு வேகமா?' என்று கம்பம் பைபாஸில் கேட்டால் சரி. கொண்டை ஊசிக்குள் நாற்பது என்பது கிட்டத்தட்ட ரேஸ் வேகம்.

வலப்பக்கம் திரும்ப வலது கையைத் தள்ளு!

பைக்கைச் சாய்ப்பது எப்படி? 'உடம்பைச் சாய்ச்சா வண்டி சாயும்' என்பதுதான் பலரின் பதில். அதில் பாதிதான் உண்மை. உடம்பை மட்டும் சாய்த்தால் வண்டி மெதுவாக, சோம்பலாகத்தான் திரும்பும்.

வண்டியைச் சாய்க்கும் முக்கியமான வேலையைச் செய்வது ஹேண்டில்பார். அதுவும் நாம் நினைப்பதற்கு நேரெதிராக. வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவாக இடப்பக்கம் திரும்பும். வண்டியின் எடை வலப்பக்கம் சரியும். சரிந்தவுடன் வண்டி வலப்பக்கம் வளைந்து ஓடும். இதைத்தான் 'கவுன்டர் ஸ்டியரிங்' என்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த எல்லோரும் இதைத் தெரியாமலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறார். தாங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திருப்புகிறோம் என்பதை அவர்களில் யாரும் உணர்ந்திருக்கவில்லை. ஓட்டத் தெரிவதும், எப்படி ஓட்டுகிறோம் என்று தெரிவதும் வேறு வேறு.

தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன லாபம்? வளைவின் நடுவில் 'அய்யோ, வெளியே போகுதே' என்று பதறும்போதுதான் லாபம். பதறினால் கைகள் இறுகும். இறுகிய கை ஹேண்டில்பாரைத் தானாகவே வளைவுக்கு எதிர்ப்பக்கம் நிமிர்த்தும். வண்டி பள்ளத்தை நோக்கி நேராகும். உள்பக்கக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளினால் வண்டி இன்னும் சாய்ந்து உள்ளே வரும் என்று தெரிந்தவருக்கு, அந்த நொடியில் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நடந்து போகும் வேகத்தில், முதல் கியரில், ஒரு கொண்டை ஊசியைச் சுற்றும்போது சாதாரணமாக ஹேண்டிலைத் திருப்பித்தான் ஓட்டுகிறோம். அங்கே சமநிலைதான் பிரச்சினை.

உடம்பு எங்கே இருக்க வேண்டும்?

வளைவில் உடம்பை வைத்துக்கொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வண்டி சாயும் அளவுக்கே உடம்பும் சாய்வது. முதுகெலும்பும் வண்டியும் ஒரே கோட்டில் இருக்கும். மலைச்சாலையில் பெரும்பாலான வளைவுகளுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, வண்டி மட்டும் சாய, உடம்பு நிமிர்ந்து நிற்பது. மூட்டை ஏற்றிய எக்ஸ்.எல். ஓட்டுபவர் கொண்டை ஊசியில் இப்படித்தான் திரும்புவார். வண்டியை உள்ளே தள்ளிவிட்டு, தான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மிகக் குறைந்த வேகத்தில் இது சரியான முறை. குறுகிய இடத்தில் வண்டி சட்டென்று திரும்பும். மண்பாதையில் ஓட்டுபவர்களும் இதையே செய்வார்கள். வேகம் கூடினால் இது பொருந்தாது. உடம்பு நிமிர்ந்திருப்பதால், வண்டி தேவைக்கு அதிகமாகச் சாய வேண்டிவரும்.

மூன்றாவது, வண்டியைவிட உடம்பு அதிகமாக உள்ளே சாய்வது. எடை உள்ளே போவதால் வண்டி குறைவாகச் சாய்ந்தாலே போதும். டயரின் அகலமான பகுதி தரையில் இருக்கும். ரேஸர்கள் செய்வது இதன் உச்சக்கட்டம்.

மூன்று முறைக்கும் பொதுவான அடிப்படை ஒன்று இருக்கிறது. பெட்ரோல் டேங்க்கை இரண்டு முட்டியாலும் கவ்விப் பிடியுங்கள். பாதத்தின் முன்பகுதி கம்பியின் மேல் இருக்கட்டும். உடம்பின் எடையைத் தாங்க வேண்டியது காலும் தொடையும் இடுப்பும்தான், கைகள் இல்லை. முழங்கை லேசாக மடங்கி, தளர்ந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு இருப்பவரால் அதைத் தள்ளவும் முடியாது, அது தரும் தகவலை உணரவும் முடியாது. டேங்க் இல்லாத ஸ்கூட்டரில் பாதங்களைத் தளத்தில் நன்றாக ஊன்றி, இருக்கையில் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்தால் கைகள் இலேசாகும்.

முட்டி தேய்ப்பது மலைக்குத் தேவையா?

முட்டியை வெளியே நீட்டித் தரையைத் தொடும் பாணி 1970களில் பந்தயத் தளங்களில் பரவியது. அமெரிக்க வீரர் கென்னி ராபர்ட்ஸ் அதைப் பிரபலமாக்கினார். இன்று மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைச் சட்டபூர்வமாகப் பழக இடமும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைப் பந்தயத் தளத்தில் பைக் பந்தயங்களும் பயிற்சி முகாம்களும் நடக்கின்றன.

அங்கே ஒரு வீரர் அதே வளைவை ஒரே நாளில் பல முறை சுற்றுவார். தார் சுத்தமாக இருக்கும். எதிரே வண்டி வராது. வளைவுக்கு வெளியே வழுக்கி ஓடி நிற்க இடம் இருக்கும். போடிமெட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

சரி, உடம்பை உள்ளே சாய்ப்பதால் எவ்வளவுதான் லாபம்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 140 கிலோ. ஓட்டுபவர் தன் உடம்பின் மையத்தை 15 செ.மீ. உள்ளே நகர்த்தினால், மொத்த எடையின் மையம் சுமார் 5 செ.மீ. நகரும். அதனால் வண்டியின் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி குறையும்.

இப்போது மறுபக்கக் கணக்கு. உடம்பை அசைக்கவே வேண்டாம். அதே 15 மீட்டர் ஆர வளைவில் வேகத்தை 30 கி.மீ.யிலிருந்து 27 ஆகக் குறைத்தால்? சாய்வு 25 டிகிரியிலிருந்து சுமார் 21 டிகிரிக்கு வந்துவிடும். அங்கேயும் அதே 4 டிகிரிதான்!

பந்தயத் தளத்தில் அந்த 3 கி.மீ. வேகத்துக்காகத்தான் வீரர் இவ்வளவு கஷ்டப்படுகிறார். மலைச்சாலையில் அது இலவசம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அதற்காக உடம்பை உள்ளே சாய்ப்பது தவறு என்று அர்த்தமில்லை. தோளையும் தலையையும் வளைவின் உள்பக்கம் லேசாகக் கொண்டுபோவது நல்ல பழக்கம். எதிர்பாராமல் மணல் வந்தால் அந்த 4 டிகிரி கையிருப்பாக உதவும். அதைச் செலவு செய்து வேகம் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுகின்றன. வலப்பக்க வளைவில் உடம்பை வலதுபக்கம் தொங்கவிட்டால், டயர் நம் பாதியில் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதிக்குள் போய்விடும். எதிரே வருவது அரசுப் பேருந்தாக இருந்தால்? நடுக்கோடு டயருக்கு மட்டுமான எல்லை இல்லை, ஹெல்மெட்டுக்கும் சேர்த்துத்தான்.

கண் போகும் வழியில் வண்டி போகும்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது பார்வை. பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குப் போவோம். எதிரே வரும் லாரியையே பார்த்தால் லாரியை நோக்கிப் போவோம். பயம் எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதை நோக்கி உடம்பு வண்டியை ஓட்டும்.

வளைவுக்குள் நுழையும் முன்பே முகத்தைத் திருப்பி, சாலை கண்ணுக்குக் கடைசியாகத் தெரியும் இடத்தைப் பாருங்கள். கொண்டை ஊசி என்றால் கிட்டத்தட்ட தோளுக்கு மேலாகவே பார்க்க வேண்டியிருக்கும். தாடை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கை தானாகத் தள்ளும்.

அந்தக் கடைசிப் புள்ளி இன்னொரு தகவலையும் சொல்லும். அது நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தால், வளைவு விரிகிறது என்று அர்த்தம். அசையாமல் நின்றாலோ நம்மை நெருங்கி வந்தாலோ, வளைவு இறுகுகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு வேகம் சரி? தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகம். காய்ந்த சமதளச் சாலையில், சுதாரித்து பிரேக் பிடிக்கும் ஒன்றரை நொடியையும் சேர்த்தால், 30 கி.மீ. வேகத்தில் நிற்க சுமார் 20 மீட்டர் வேண்டும். 40-ல் சுமார் 30 மீட்டர். 50-ல் சுமார் 40 மீட்டர். இறக்கத்திலும் ஈரத்திலும் இது கூடும். மூடுபனியில் பத்து மீட்டர்தான் தெரிகிறது என்றால் முப்பதுகூட அதிகம்.

டயரின் பிடிமானம் மடைத் தண்ணீர் மாதிரி

கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கால்வாயில் வருகிற தண்ணீர் ஒரே அளவுதான். தலைமடை முழுசாகத் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. டயரின் பிடிமானமும் அப்படித்தான். பிரேக், திருப்பம் இரண்டும் ஒரே கால்வாயில்தான் தண்ணீர் எடுக்கின்றன. முழு பலத்தோடு பிரேக் பிடிக்கும் டயரிடம் திருப்பத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. முழுசாகச் சாய்ந்திருக்கும் டயரிடம் பிரேக்குக்குக் கொடுக்க மிச்சமிருக்காது.

அதனால்தான் வேலைகளைப் பிரித்துச் செய்யச் சொல்கிறார்கள். வண்டி நிமிர்ந்திருக்கும் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைக்கவும். கியரை மாற்றவும். பிறகு வளைவுக்குள் நுழையவும். வளைவு முழுக்க ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக, லேசாகத் திறந்து வைத்திருக்கவும். வெளியேறும் வழி தெரிந்ததும், வண்டியை நிமிர்த்திக்கொண்டே வேகத்தைக் கூட்டவும்.

அனுபவமுள்ளவர்கள் வளைவின் தொடக்கம் வரை முன்பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, சாயச் சாய விட்டுக்கொண்டே போவார்கள். அது நல்ல நுட்பம்தான். ஆனால், கையில் நிதானம் வந்த பிறகு பழக வேண்டியது.

நடு வளைவில் பிரேக் பிடித்தே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? சட்டென்று முன்பிரேக்கைக் கவ்வக் கூடாது. முதலில் முடிந்த அளவு வண்டியை நிமிர்த்தி, பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

'நம்ம வண்டில ஏ.பி.எஸ். இருக்கே' என்று நிம்மதியாக இருக்க முடியாதா? 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து வேலைசெய்யும் சி.பி.எஸ். போதும் என்று அந்த 2019 விதி சொன்னது. நேராக ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் சாதாரண ஏ.பி.எஸ். காப்பாற்றும். சாய்ந்திருக்கும் வண்டியின் கோணத்தை அது அறியாது. கோணத்தையும் கணக்கிடும் ஏ.பி.எஸ். விலை உயர்ந்த பைக்குகளில்தான் வருகிறது. எதுவாக இருந்தாலும், கால்வாயில் தண்ணீரைக் கூட்டும் சக்தி எந்த ஏ.பி.எஸ்.ஸுக்கும் கிடையாது.

ஏற்றம் வேறு, இறக்கம் வேறு

ஏறும்போது இடப்பக்கக் கொண்டை ஊசிகள்தான் சிக்கல். நாம் உள்விளிம்பில் இருப்போம். வளைவு மிக இறுக்கமாகவும், ஏற்றம் மிகச் செங்குத்தாகவும் இருக்கும் இடம் அதுதான். மூன்றாவது கியரில் நுழைந்து, நடுவில் எஞ்சின் திணறி அணைந்தால் வண்டி அப்படியே உள்பக்கம் சாய்ந்து விழும். நுழையும் முன்பே இரண்டாவது கியர். ஆள் ஏற்றிய 100 சிசி என்றால் முதல் கியர்கூடத் தேவைப்படலாம். எதிரே வண்டி இல்லையென்று தெரிந்தால், நம் பாதிக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக நுழைந்து, தாமதமாக உள்ளே திரும்பலாம்.

வலப்பக்க வளைவுகளில் இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். நடுக்கோட்டை ஒட்டி வெட்டிப் போக ஆசை வரும். வேண்டாம். வெளியேறும் வழி தெரியும் வரை இடப்பக்கத்திலேயே இருப்பதுதான் பாதுகாப்பு. தூரத்தில் எது வருகிறது என்பதும் அங்கிருந்துதான் முதலில் தெரியும்.

இறங்கும்போது கதையே வேறு. எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் இலேசாகிறது. பின்பிரேக்கை மட்டும் நம்பி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும். 'ஏறின கியர்லயே இறங்கு' என்று மலை டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அப்போது வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்கும். தொடர்ந்து சூடேறும் பிரேக், தேவைப்படும் நேரத்தில் பிடிக்காமல் போகலாம். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் எஞ்சின் பிடிப்பு குறைவு. அதனால் இறக்கத்தில் நடுவில் ஓரிரு இடங்களில் நிறுத்தி பிரேக்கை ஆறவிடுவது நல்லது.

குறுகிய மலைச்சாலையில், இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சாலை விதியும்கூட. பேருந்து வரும்போது இன்னும் எளிய விதி ஒன்று: கொண்டை ஊசிக்குள் பேருந்தும் நாமும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. பேருந்தின் மூக்கு வெளியே அகலமாகச் சுற்றும்போது, பின்சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடலாம்.

பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் வேலை உண்டு

பில்லியன் இருக்கையில் 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறும். வளைவில் வண்டி சாய்வதைப் பார்த்து பயந்து, அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் அதிகமாகச் சாய்க்க வேண்டிவரும். கிளம்பும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: 'வண்டி எந்தப் பக்கம் திரும்புதோ, அந்தப் பக்கத் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்துக்கோ, போதும்.' உடம்பு தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

ஒருபக்கமாக உட்கார்ந்து வருவது மலையில் ஆபத்து. எடை ஒரு பக்கம் போவதோடு, பிடிமானமும் குறைவு. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது. பையை டேங்க் மேல் வைத்து ஹேண்டில் திரும்புவதைத் தடுக்காமல், பின்னால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். டயரில் காற்று அளவைக் கிளம்பும் முன்பே சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் நேராகவே ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட்ட டயர், சாயும்போது சட்டென்று விழுவதுபோல் இருக்கும். அதுவே மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

மூன்று மலை, மூன்று குணம்

தேனி மாவட்டத்தின் மலைச்சாலைகள் எல்லாம் ஒன்றுபோல இருக்காது.

போடிமெட்டில் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் வழி. கேரளப் பக்கம் மூணாறிலிருந்து போடிமெட்டு வரை சாலை அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. விரிந்த, வழவழப்பான அந்தச் சாலையில் சுமார் 40 கி.மீ. ஓட்டி வரும்போது கண்ணும் கையும் அந்த வேகத்துக்குப் பழகிவிடும். எல்லையைத் தாண்டியதும் குறுகலான, செங்குத்தான இறக்கம் தொடங்கும். மனதில் இருக்கும் வேகம் இறங்க நேரமெடுக்கும். மெட்டில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவது தொழில்நுட்ப ரீதியாகவும் நல்ல யோசனைதான்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலையின் சிக்கல் போக்குவரத்து. பேருந்து, லாரி, தோட்டத்து ஜீப்புகள், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வாகனங்கள். சீசனில் கூட்டத்தைச் சமாளிக்க கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் பாதையாக்குவதும் வழக்கம். 2022 டிசம்பரில், சபரிமலையிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த தேனி மாவட்ட பக்தர்கள் 8 பேர், இந்த மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். நான்கு சக்கரத்துக்கே இந்த இறக்கம் இரக்கம் காட்டவில்லை.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகப் பகுதி இது. அடிவாரத்தில் தென்பழனி வனச் சோதனைச் சாவடியைத் தாண்ட நேரக் கட்டுப்பாடு உண்டு. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பது பேருந்தாக இருக்க வேண்டும் என்பதில்லை. யானையாகவும் இருக்கலாம். யானை ஹாரன் அடிக்காது.

மூன்றுக்கும் பொதுவான எதிரி, மழைக்குப் பிந்தைய நாள். மேலிருந்து அடித்து வந்த மண்ணும் சரளையும் வளைவின் உள்விளிம்பில் படிந்திருக்கும். அழகான 'லைன்' என்று பாடத்தில் சொல்லும் அதே இடத்தில்! அப்போது பாடத்தை மறந்து, ஜீப் டயர்கள் ஓடிச் சுத்தமாக்கிய தடத்திலேயே போக வேண்டும்.

எங்கே, எப்படிப் பழகுவது?

மலையில் பழக வேண்டாம். ஆளில்லாத ஒரு மைதானம் போதும். முதல் நாள், நேராக 30 கி.மீ.யில் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று காலடியால் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, அதே வேகத்தில் கைப்பிடியை லேசாகத் தள்ளி, வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனியுங்கள். பிறகு பெரிய வட்டம், சிறிய வட்டம், முகத்தைத் திருப்பி வட்டத்தின் எதிர்முனையைப் பார்த்தபடி. நண்பர் ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால், நாம் எவ்வளவு சாய்வதாக நினைக்கிறோம், உண்மையில் எவ்வளவு சாய்கிறோம் என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் பெரும்பாலும் சிரிப்பை வரவழைக்கும்.

மலைக்குப் போனால், முதல் முறை ஏறும்போது வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு கேள்வி: 'நடு வளைவுல பிரேக் பிடிச்சேனா?' பிடித்திருந்தால் நுழைந்த வேகம் அதிகம். அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் குறைத்து நுழையலாம். 17 வளைவுக்குள் பதில் கிடைத்துவிடும்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு கொண்டை ஊசி வளைவின் நீளம் சுமார் 47 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க சுமார் ஐந்தரை நொடி. 20 கி.மீ. வேகத்தில் சுமார் எட்டரை நொடி. வித்தியாசம் 3 நொடிக்கும் குறைவு. போடிமெட்டின் 17 வளைவுகளையும் கூட்டினாலும் ஒரு நிமிடம் தேறாது.

மெட்டில் டீ ஆறுவதற்கே அதைவிட அதிக நேரமாகும்.